மச்சான் வீட்டு நாற்காலி

மருந்துக்கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"உங்க மருமக கெட்டிக்காரி சார். உங்க மச்சானுக்கு மாத்திரை வாங்க வந்தா, அட்டையில இருக்கிற பேரை வாய்விட்டுப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் பைக்குள்ள போடுவாங்க. சொந்தத்துலயே ஒரு ஆள் பார்த்துக்கிறதுன்னா கொடுத்து வெச்சிருக்கணும்."

நான் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே மச்சான் இருக்கும் தெருவைப் பார்த்து நடந்தேன்.

போன வாரம் எங்கள் வீட்டில் நடந்த சண்டையின் சூடு இன்னும் ஆறவில்லை. என் மருமகள் ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். ஆபீசும் இல்லை, ஒன்றும் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, ஊட்டி, மலஜலம் எடுத்துவிட்டு வருகிற வேலை. "இதுல ஒளிக்க என்ன மாமா இருக்கு?" என்று நேருக்கு நேர் நின்று கேட்டாள். என் மகன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவன், எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் ஒரு நிபந்தனை போட்டேன். எந்த வீடு என்று நான் கேட்கமாட்டேன், அவளும் சொல்லக் கூடாது.

அவள் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள். அதுதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

என் மனைவியின் அண்ணனை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் மேசை நாற்காலி விற்கும் கடை வைத்திருந்தவன். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கட்டில், மேசை, நாற்காலி என்று ஒரு வண்டி நிறைய அனுப்பினான். அதற்குப் பிறகு ஒருநாள், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, "மாப்பிள்ளை வீட்ல அவர் உக்கார்ற நாற்காலிகூட நான் கொடுத்ததுதான்" என்று சொல்லிச் சிரித்தான். நான் அப்போது அந்தக் கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அவன் கடை வாசலில் இறக்கினேன். என் சம்பளத்தில் நாற்காலி வாங்கும்வரை நானும் என் மனைவியும் தரையில்தான் உட்கார்ந்தோம். அவள் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. அந்த வீட்டு வாசற்படியை யாரும் மிதிக்கக் கூடாது, அந்த ஆளோடு ஒரு சொல் பேசக் கூடாது என்று அன்று சொன்னேன். இன்றுவரை அது மாறவில்லை.

ஒரே ஒரு முறை விலக்குக் கொடுத்தேன். என் மனைவி கண்ணை மூடிய அன்று. கூடப்பிறந்தவனுக்குச் சொல்லாமல் இருப்பது முறையில்லை என்று மகனை நானே அனுப்பினேன். அவன் போய்விட்டு வந்து, "சொன்னேன்ப்பா. வர முடியாதுன்னுட்டார்" என்றான். தங்கையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வராத மனிதன். அவனுடைய எச்சில் தட்டை என் வீட்டு மருமகள் கழுவுகிறாள்.

அழைப்பு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தது அவள்தான். இடுப்பில் ஏப்ரன், கையில் ரப்பர் உறை. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் வெளுத்தது. அவ்வளவுதான், உடனே பழையபடி ஆகிவிட்டது.

"பையை எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

"உள்ள ஆள் இருக்கார் மாமா. தனியா விட்டுட்டு வர முடியாது."

"அவர் பொண்ணு எங்க?"

"வேலைக்குப் போயிருக்காங்க. சாயந்திரம்தான் வருவாங்க."

"அப்ப கதவைச் சாத்திட்டு வா."

"நீங்க மில்லுல சூப்பர்வைசரா இருந்தப்ப, தறியை ஓட விட்டுட்டு வீட்டுக்கு வந்திருக்கீங்களா?"

"யார் வீட்ல நிக்கிறேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். முதல் நாளே தெரியும். அத்தை படம் சுவர்ல இருக்கு."

"தெரிஞ்சுமா வந்தே?"

"கேக்க மாட்டேன், சொல்லாதேன்னது நீங்கதானே மாமா. சொல்லலை."

எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. அவளும் அதைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க. வாசல்ல நின்னு பேசினா தெருவே கேக்கும். ஏஜென்சிக்கு போன் பண்றேன். வேற ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கிட்டாத்தான் நான் நகர முடியும். ஆள் வர்ற வரைக்கும் நீங்க எங்க நிப்பீங்களோ நில்லுங்க."

படியைத் தாண்டினேன். சொந்தப் பொருளை மீட்க நுழைவது வேறு, உறவாட நுழைவது வேறு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

உள்ளே நுழைந்தால் நடக்க இடமில்லை. கடையை மூடியபோது விற்காமல் நின்றதையெல்லாம் வீட்டில் கொண்டுவந்து போட்டிருக்கிறான். சாய்வு நாற்காலி, சுழல் நாற்காலி, முதுகில் பூச்செதுக்கிய நாற்காலி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்த ஸ்டூல்கள். நடுவில், ஜன்னலுக்கு எதிரே, சக்கர நாற்காலியில் அவன். வலது கை மடியில் ஒரு தலையணைமேல் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நாக்கு கோணவில்லை.

"வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க. நாற்காலிக்கு இங்க பஞ்சமில்லை."

நான் மருமகளைப் பார்த்தேன். "உக்கார வரலைன்னு சொல்லு."

"ஐயா, அவர் உக்கார மாட்டாராம்."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கையும் காலும்தான் விளங்கலை." இடது பக்கத்தால் சிரித்தான். "மில்லுல இவருக்குக் கம்பம்னு பேர் வெச்சவன் கெட்டிக்காரன். நட்டா நட்ட இடத்துல நிப்பார். நிக்கட்டும்."

நின்றேன். தறிகளுக்கு நடுவே ஷிஃப்ட் முழுக்க நின்றே சம்பாதித்தவன் நான். நிற்பது எனக்குப் புதிதல்ல.

மருமகள் போனில் பேசிவிட்டு வந்தாள். "மதியம் தாண்டித்தான் ஆள் வருமாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, என்னை அதோடு மறந்துவிட்டாள். அதுதான் எனக்கு எரிந்தது. அவள் அவன் எதிரில் குனிந்து, "ஐயா, சட்டை மாத்தப் போறேன், முதல்ல நல்ல கை" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். கழற்றும்போது நல்ல கையில் தொடங்கினாள். மாட்டும்போது செத்த கையில் தொடங்கினாள். குதிகாலைத் தூக்கி, தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். கஞ்சியைக் கரண்டியால் கொடுத்து, வாயின் கோணல் பக்கத்தில் வழிந்ததைத் துடைத்தாள். விழுங்கிவிட்டானா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி.

எனக்குச் சாப்பாடு போடும்போது தட்டை 'டக்'கென்று வைக்கிற கை அது.

"வாயைத் துடைக்கப் பெத்த பொண்ணு இல்லையான்னு கேளு" என்றேன்.

"அவ வேலைக்குப் போறா" என்றான் அவன், நேராக என்னிடம். "உங்க மருமகளும் வேலைக்குத்தான் வந்திருக்கா. கேவலப்பட என்ன இருக்கு? இல்ல, என் வீட்டு வேலைங்கிறதுதான் கேவலமா?"

"இந்த வீட்டுக் காத்தே ஆகாதுன்னு சொல்லு."

"அப்ப மூச்சை அடக்கிட்டு நிக்கச் சொல்லும்மா."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க." கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். "தபால்காரி வேலை பார்க்க எனக்குச் சம்பளம் இல்லை. இங்க நான் யார் வீட்டு மருமகளும் இல்லை. வேலைக்கு வந்த ஆள்."

சுவரில் என் மனைவியின் படம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. இரட்டைப் பின்னல். எங்கள் வீட்டில் இல்லாத படம். அதைப் பார்க்காமல் நிற்க வேண்டுமானால் ஜன்னல் பக்கம்தான் திரும்ப வேண்டும். திரும்பி நின்றேன்.

நேரம் போனது. அவன் சக்கர நாற்காலியில் நெளிய ஆரம்பித்தான்.

"பாத்ரூம் போகணுமா ஐயா?"

"இல்லை."

"கால் ஆடுது பாருங்க. அடக்காதீங்க. அடக்கி அடக்கித்தான் போன மாசம் காய்ச்சல் வந்தது."

"அந்த ஆள் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அவள் என்னிடம் வந்தாள். "மாமா, கொஞ்ச நேரம் பின்கட்டுல போய் நில்லுங்க."

"அவர் சமையல்கட்டு வரைக்கும் போக நான் என்ன விருந்தாளியா?"

"அவருக்கு வெக்கமா இருக்கு மாமா."

"வெக்கம் இருக்கிறவரா இருந்தா தங்கச்சி சாவுக்கு வந்திருப்பார்."

அவள் என்னைப் பார்த்த பார்வை ஒரு மாதிரி இருந்தது. கோபம் இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். "நான் போய் வெந்நீர் எடுத்துட்டு வரேன். நான் வர்றதுக்குள்ள ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது புத்தி வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் போனதும் 'டக்' என்று ஒரு சத்தம். அவன் இடது கையால் சக்கரத்தின் பிரேக்கை விடுவித்திருந்தான். நல்ல காலால் தரையை உந்தி, நாற்காலிகளுக்கு நடுவே குளியலறைக் கதவை நோக்கி நகர்ந்தான். கதவருகே போய்ச் சட்டத்தைப் பிடித்தான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நீ நிற்கிறாயா, நானும் நிற்கிறேன் பார் என்று சொல்கிற பார்வை.

பிரேக் போடாத நாற்காலியிலிருந்து எழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சக்கரத்தோடும் உருளையோடும் வேலை பார்த்தவன் நான். ஒரு சொல் போதும். ஆனால் அந்த ஆளிடம் ஒரு சொல் பேசுவதில்லை என்று இருந்தவன். மருமகளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவனுக்காக நான் பதறியதாக ஆகும். அவன் எழ ஆரம்பித்தான். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். சக்கர நாற்காலி பின்னால் ஓடிச் சுவரில் நின்றிருந்தது. அவன் தரையில் கிடந்தான். பக்கத்தில் ஒரு ஸ்டூல் உருண்டு கிடந்தது.

மருமகள் ஓடி வந்தாள். தூக்கவில்லை. முதலில் பக்கத்தில் மண்டியிட்டு, "அசையாதீங்க ஐயா. எங்க வலிக்குது? என்னைப் பாருங்க. சிரிங்க. கையை அழுத்துங்க" என்றாள். இடுப்பு, முட்டி, மணிக்கட்டு என்று தொட்டுக்கொண்டே வந்தாள்.

"தலை இடிச்சுதா?"

"இல்லை" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் என்னிடம் திரும்பினாள். "மாமா, நீங்க இங்கதானே நின்னீங்க. பார்த்தீங்களா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவர் இவர். தலையில அடின்னா இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

பார்க்கவில்லை என்றால், ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாள்.

"பார்த்தேன். இடிக்கலை."

"விழப்போறார்னு தெரிஞ்சா ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?"

நான் மறுபடி ஜன்னலைப் பார்த்தேன்.

"சரி. வாங்க. இவரைத் தூக்க ரெண்டு ஆள் வேணும்."

"அவன் கை என் மேல படக் கூடாது" என்றான் அவன், கிடந்தபடியே.

"நீ வேணும்னா தெருவுல போற யாரையாவது கூப்பிடு" என்றேன் நான்.

"கூப்பிடறேன். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிடறேன். உங்க மச்சான் நனைஞ்ச வேட்டியோட கிடக்கிறதையும், நீங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதையும் அந்தம்மா வந்து பார்க்கட்டும். கூப்பிடவா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் கட்டியிருந்த கையைப் பிரித்தேன்.

அவள் ஒரு அகலமான பட்டையை அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். சக்கர நாற்காலியை அவன் பின்னால் கொண்டுவந்து இரண்டு பிரேக்கையும் மிதித்துப் பார்த்தாள். என்னை அவனுடைய நல்ல பக்கத்தில் மண்டியிடச் சொன்னாள். "அக்குள்ல கை கொடுக்காதீங்க. தோளைப் பிடிச்சு இழுக்காதீங்க. பட்டையை மட்டும் பிடிங்க. முதுகை வளைக்காதீங்க, முட்டியால எந்திரிங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்வேன். மூணு சொல்லும்போது தூக்கணும்."

மண்டியிட்டேன். அந்த மனிதனுக்கு எதிரில். ஈர வாடை முகத்தில் அடித்தது. அவன் இடது கை காற்றில் துழாவியது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை அதற்கு.

"பிடி" என்றேன்.

அவன் என் தோளைப் பிடித்தான். காதருகே அவன் மூச்சு. "பேச்சு வருதே உனக்கு" என்றான்.

"மூணு" என்றாள் அவள்.

எழுந்தோம். அவன் கனத்தான். அவள் தன் காலால் அவனுடைய செத்த காலை முட்டுக்கொடுத்து நிறுத்தி, அப்படியே திருப்பி, நாற்காலியில் இறக்கினாள். ஒரு நொடி மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு என் முதுகில் ஏதோ கொக்கி போட்டு இழுத்தது. கண் இருட்டியது. கையால் துழாவினேன், ஏதோ தட்டுப்பட்டது, உட்கார்ந்துவிட்டேன்.

பிரம்பு நாற்காலி. உயரம் குறைந்தது. உட்காருமிடத்தில் பழைய துணியில் தைத்த மெத்தை.

அவன் என்னைப் பார்த்தான். மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தான். மருமகள் "ஐயா, வேண்டாம்" என்றாள்.

"உன் பெண்டாட்டி எப்பவும் அதுலதான் உக்காருவா" என்றான்.

"என்ன உளர்றே?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருவா. அந்த மெத்தை அவ தைச்சதுதான். முதுகுக்கு இதமா இருக்குண்ணா, எங்க வீட்டு நாற்காலியெல்லாம் அவர் மாதிரியே விறைப்புன்னு சிரிப்பா. எந்திரிக்கப் போறியா? எந்திரி. உனக்குத்தான் இந்த வீட்டு நாற்காலி ஆகாதே."

வெள்ளிக்கிழமைகளில் அவள் தையற்கடைக்குப் போவாள். எங்கள் வீட்டில் அவ்வளவு கிழிந்த துணி ஏது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எழ முயன்றேன். முதுகு விடவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன். "வாரா வாரம் வந்தவ செத்துக் கிடந்தப்ப நீ எங்க போனே? ஆள் அனுப்பினேன். வர முடியாதுன்னு சொல்லி அனுப்பினியே, நீயா மனுஷன்?"

"யாரை அனுப்பினே?"

"என் புள்ளையை."

"உன் புள்ளை இந்த வாசல்ல வந்து நின்னதே இல்லை." அவன் குரல் ஏறவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "ரெண்டு வெள்ளிக்கிழமை அவளைக் காணோம்னு உங்க தெருவுக்கு ஆள் அனுப்பி விசாரிச்சேன். அடக்கம் பண்ணியாச்சுன்னு சொன்னாங்க. என் தங்கச்சி போனதை நான் தெரிஞ்சுக்கிட்ட லட்சணம் அது. எனக்குச் சொல்லக் கூடாதுன்னு நீதான் தடுத்திருப்பேன்னு இன்னிவரைக்கும் உன்னைத் திட்டிக்கிட்டிருக்கேன்."

"பொய்."

"எங்க வீட்டுப் பழக்கம் இல்லை அது. உங்க வீட்ல தேடிப் பாரு."

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மாற்று ஆள் மதியம் தாண்டி வந்தாள். தடித்த கண்ணாடி போட்ட பெண். மருமகள் அவளிடம் நின்று நிதானமாக எல்லாம் சொன்னாள்: விழுந்தது, எங்கெல்லாம் தொட்டுப் பார்த்தது, என்ன சாப்பிட்டார் என்பது. "ஏஜென்சிக்கும் அவர் பொண்ணுக்கும் சொல்லிட்டேன். தலை இடிக்கலை. எங்க மாமா பார்த்திருக்கார். இருந்தாலும் தூங்க விட்டுடாதீங்க, அப்பப்ப பேச்சுக் கொடுத்துப் பாருங்க."

படியிறங்கும்போது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "நாளைக்கும் நீயே வாம்மா. அந்தக் கம்பத்தை மட்டும் அங்கேயே நட்டுட்டு வா."

பஸ் நிறுத்தத்தில் என்னிடமிருந்து ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றாள்.

"நாளையிலேர்ந்து நீ அங்க போகப் போறதில்லை."

"போவேன் மாமா."

"அவன் என் குடும்பத்தைப் பொய்க் குடும்பம்னு சொல்றான். நீ கேட்டுக்கிட்டு நிக்கிறே."

"தங்கச்சி போனதை யாரும் வந்து சொல்லலைன்னு முதல் நாளே என்கிட்ட சொன்னார். அன்னிக்கே வீட்டுக்கு வந்து உங்க புள்ளையைக் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அதை அவர் வாயால கேளுங்க. நான் யாருக்கும் தபால்காரி இல்லைன்னு காலையிலேயே சொல்லிட்டேன்."

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது மகன் வேலை முடிந்து வந்திருந்தான். சமையலறை மின்விசிறியைக் கழற்றி மேசைமேல் பரப்பிவைத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உங்கம்மா போன அன்னிக்கு நீ மாமா வீட்டுக்குப் போனியா?"

துணி நின்றது. பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கைகழுவும் தொட்டியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை.

"தெருமுனை வரைக்கும் போனேன்ப்பா."

"அப்புறம்?"

"டீக்கடையில நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

"வர முடியாதுன்னு அவர் சொன்னதா என்கிட்ட சொன்னே."

"ஆமா."

"ஏன்டா?"

அவன் மின்விசிறியின் இறக்கையை மெதுவாக மேசையில் வைத்தான். "அவர் வந்திருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா? அம்மாவை நடுவுல போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் கத்தியிருப்பீங்க. அவங்க உயிரோட இருந்தவரைக்கும் இந்தச் சண்டையிலதான் இருந்தாங்க. ஒரு நாளாவது சத்தமில்லாம அனுப்பணும்னு தோணிச்சு. அவர் வரமாட்டேன்னு சொன்னதாச் சொன்னா நீங்க மறுபேச்சில்லாம நம்புவீங்கன்னு தெரியும். நம்பினீங்க."

"பொய் சொன்ன வாய்க்கு இந்த வீட்ல சோறு கிடையாது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "என்ன காரணமா வேணும்னாலும் இருக்கட்டும். பார்க்காததைப் பார்த்தேன்னும் சொல்லாததைச் சொன்னார்னும் சொல்றவன் இந்தப் பரம்பரையில பிறக்கலை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் வீட்டு நாற்காலிகள் மேசையைச் சுற்றி நேராக நின்றன. ஒவ்வொன்றும் என் உழைப்பில் வந்தது. முதுகு உடைந்துவிடும்போல இருந்தது. நான் உட்காரவில்லை.

மருமகளின் போன் அடித்தது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா... எப்பலேர்ந்து?... எத்தனை தடவை வாந்தி எடுத்தார்?... பேசுறாரா?... கூப்பிட்டா கண்ணைத் திறக்கலையா?" போனை மார்போடு அழுத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். இரண்டடி தூரத்தில் நின்றாள். காலையில் அந்த வீட்டுக் கதவைத் திறந்தபோதுகூட அவள் முகத்தில் இந்தப் பயம் இல்லை.

"மாமா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டாங்க. டாக்டர் முதல்ல கேக்கப்போறது இதைத்தான். ஏஜென்சிக்கு நான் சொன்னது உங்க வார்த்தையை வெச்சுத்தான். அவர் விழுந்தப்ப தலை இடிச்சதா, இல்லையா? நீங்க பார்த்ததைச் சொல்லுங்க."

போனுக்குள்ளிருந்து அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணின் குரல், ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"நான் பார்க்கலை" என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மகன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.